தையல் அறையைக் காலி செய்தேன்

அந்த அறையை மீட்டே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு முடிவு செய்தேன். கொப்பளித்த பிறகும் முடிவு மாறவில்லை. ஆகவே அது உறுதியான முடிவுதான்.

எங்கள் வீட்டில் படுக்க ஓர் அறை, உட்கார ஓர் அறை. மூன்றாவது அறை என் மனைவியின் நூல்களுக்கு. நூல் என்றால் படிக்கிற நூல், தைக்கிற நூல் இரண்டும்தான். இரண்டுமே கூரை வரை இருந்தன. இருபத்து மூன்று வருடத் தையற்கலை மாத இதழ்கள். கம்பளி நூல் உருண்டைகள். பிஸ்கட் டின் டின்னாகப் பொத்தான்கள். என்றைக்காவது உதவும் என்று கட்டிவைத்த துண்டுத் துணி மூட்டைகள். எங்கள் மகள் பிறக்கும் முன்பே அவளுக்காகப் பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டரின் இடது கையும் அங்கேதான் இருந்தது. மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் வைத்தவர், என் மனைவியைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

நான் பஸ் பணிமனையில் ஸ்டோர் கீப்பர். நாலாயிரத்துச் சொச்சம் உதிரி பாகங்கள் என் பொறுப்பில். எந்த போல்ட் எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்பேர்ப்பட்டவனுக்குச் சொந்த வீட்டில் கட்டிலின் வலது பாதிதான் சொந்தம். அதிலும் மடிக்காத துணி கிடக்கும்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் தன் பழைய சாய்வு நாற்காலியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த அறையின் ஜன்னலோரம் அதைப் போட்டு, ஞாயிறு முழுக்கச் சாய்ந்து கிடக்க வேண்டும். வேறு பேராசை எனக்கு இல்லை.

காப்பியோடு மெல்ல நூல் விட்டுப் பார்த்தேன்.

"அந்த ரூமைக் காலி பண்ணிடலாம்னு பார்க்கறேன்."

"பண்ணிடுங்க."

சண்டைக்குப் பதினோரு காரணம் தயாராக வைத்திருந்தேன். பதினொன்றும் வீண்.

"என்னது?"

"பண்ணிடுங்கன்னேன். எனக்கே வெறுத்துப்போச்சு. ஒண்ணைத் தேடினா ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது."

"அப்போ பழைய பேப்பர்காரரை வரச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. ஆனா எனக்குத் தூக்கிப் போட மனசு வராது. நீங்களே பாருங்க. நான் அந்தப் பக்கமே வரல. ஒண்ணே ஒண்ணு, போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ஒரு புரட்டு புரட்டிடுங்க."

"எதுக்கு?"

"நடுவுல ஏதாவது சொருகியிருப்பேன்."

"என்ன சொருகியிருப்பே?"

"அது ஞாபகம் இருந்தா எதுக்குங்க புரட்டச் சொல்றேன்?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன். மூன்றாவது இதழிலேயே என் சிரிப்பு நின்றது. ஆறு வருடமாக நான் தேடிய என் பணி நியமன உத்தரவு அதில் இருந்தது. பின்பக்கம் பென்சிலால் யாருடைய தோள் அளவோ குறித்திருந்தது. அதற்கப்புறம் ஒரு பக்கத்தைக்கூட விடத் துணியவில்லை.

மதியம் அவள் கதவருகே வந்து நின்றாள்.

"இந்தப் பக்கமே வரலன்னே?"

"வாசலைத் தாண்டலையே. ஏங்க, எப்படியும் புரட்டறீங்க. கழுத்து டிசைன் வந்தா மட்டும் தனியா எடுத்து வெச்சுடுங்களேன்."

"ஏன்டி கழுத்தை அறுக்கறே?"

"அறுக்க வேணாம். கத்தரிக்கோலால வெட்டினாப் போதும்."

வெட்டினேன். சாயங்காலத்துக்குள் என்னைச் சுற்றி முந்நூறு கழுத்துகள் கிடந்தன.

"சும்மா ஒரு பையில போட்டு அமுக்கி வைங்க" என்றாள். "வீடுதானே, உங்க ஸ்டோரா என்ன?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஒரு போல்ட்டைக்கூட இடம் மாற்றி வைக்காத ஆள் நான். வட்டக் கழுத்து, சதுரக் கழுத்து, படகுக் கழுத்து என்று பிரித்தேன். எண் போட்டேன். ஒரு நோட்டில் அட்டவணை எழுதினேன். கழுத்துக்குச் செய்துவிட்டுக் கையை விடுவது நியாயமா? அடுத்த ஞாயிறு கைகள். அதற்கடுத்த ஞாயிறு பூவேலை. நாலாவது ஞாயிறு பொத்தான்களை இரண்டு ஓட்டை, நாலு ஓட்டை என்று பிரித்தேன். பணிமனையில் கழித்துக்கட்டிய இரும்பு அலமாரி ஒன்றை அனுமதி வாங்கிக் கொண்டுவந்து, அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்தது ஐந்தாவது ஞாயிறு.

அன்றைக்குப் பல் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"சார், காலி பண்றேன்னீங்க. கடை திறக்கிற மாதிரி இருக்கே?"

"காலிதான் பண்றேன். முறையா பண்றேன்."

"நாற்காலியை எப்போ எடுக்கப் போறீங்க? என் வீட்டுக்காரி அதுமேல பழைய துணியெல்லாம் போட ஆரம்பிச்சுட்டா."

"அடுத்த ஞாயிறு."

"போன ஞாயிறும் இதான் சொன்னீங்க."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு வாரம் பொறுத்துக்கோங்க டாக்டர்."

"பல்லைக் கடிக்காதீங்கன்னுதான் நான் ஊருக்கே சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாவது ஞாயிறு வேலை முடிந்தது. பழைய பேப்பர்காரர் வண்டியை இரண்டு நடை நிரப்பினார். அறையில் மிஞ்சியது அந்தப் பச்சை அலமாரியும் ஓர் அட்டவணை நோட்டும்தான். தரை என்ன நிறம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நாற்காலியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டேன். பத்து நிமிடம் சாய்ந்து கிடந்தேன். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் மனைவி வந்து அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கதவைத் திறந்தாள். மூடினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் இப்படி ஒண்ணு செஞ்சு தந்ததில்லீங்க" என்றாள்.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவள் பொருளைத் தூக்கிப் போட வந்தவன் நான். அதைச் சொல்லாமல், பெருந்தன்மையாகத் தலையை ஆட்டிவைத்தேன்.

ஏழாவது ஞாயிறு செய்தித்தாளும் கையுமாக என் அறைக்குப் போனேன். உள்ளே எட்டுப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தையல் மெஷின். சாய்வு நாற்காலியில் என் மனைவி.

"வாங்க, வாங்க. தையல் வகுப்பு ஆரம்பிச்சிருக்கேன். ஞாயிறு மட்டும்தான்."

"இங்கேயா?"

"ரூம் காலியாத்தானே இருக்கு? நீங்கதானே காலி பண்ணீங்க!"

பதில் யோசிப்பதற்குள் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், படகுக் கழுத்து எங்கே இருக்கு?"

"எனக்கு எங்கம்மா தெரியும்? எல்லாம் சாருக்குத்தான் அத்துப்படி."

"மூணாவது தட்டு, நாற்பதுல இருந்து அறுபத்தெட்டு வரைக்கும்" என்றது என் வாய். நான் சொல்லச் சொல்லவில்லை. எட்டுப் பேரும் என்னை வியப்போடு பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், பணிமனையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என் மனைவியின் பக்கம் குனிந்தாள்.

"எங்க வீட்டுலயும் ஒரு ரூம் இப்படித்தான் அடைஞ்சு கிடக்கு. அடுத்த ஞாயிறு சாரைக் கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா?"

என் மனைவி சுவரிலிருந்த காலண்டரை ஒருமுறை பார்த்தாள்.

"அடுத்த ஞாயிறு அவருக்கு டாக்டர் வீட்டுல வேலை இருக்கு. அதுக்கடுத்த ஞாயிறு வரச் சொல்றேன்."