கடலுக்கடியில் வேலங்காமலை

ஊவா மாகாணத்துக்குக் கடல் கிடையாது. இதை ஒரு குறையாக இங்கே எவரும் நினைத்ததில்லை. மலை இருக்கிறது, மழை இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மண்சரிவு இருக்கிறது. இவற்றைச் சமாளிப்பதற்கே ஆயுள் போதவில்லை. ஆனாலும் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா மாகாணங்களும் தத்தம் கடலடி ஆழத்தைக் கணினி வரைபடத்தில் ஏற்றி அனுப்பிவைக்க வேண்டும். எந்த மாகாணத்துக்கும் எக்காரணங்கொண்டும் விலக்கு அளிக்கப்பட மாட்டாது.

அந்த ஆண்டு கடலடி வரைபடம்தான் புது மோஸ்தராக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு எல்லா அலுவலகங்களும் கூரையில் தேனீ வளர்த்தன.

பதுளையில் மாகாண வரைபட ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் பணிப்பாளர் புவனேந்திரன் சுற்றறிக்கையைப் பயபக்தியோடு வாசித்து முடித்து, வரைபட மென்பொருள் தெரிந்த ஒரே அலுவலரான நஸ்லியாவை அழைத்தார்.

"நமக்குத்தான் கடல் இல்லையே சேர். பொருந்தாதுன்னு எழுதி அனுப்பிடலாம்."

"ஆழமே இல்லாத மாகாணம்னு நம்ம கையாலேயே எழுதிக் குடுக்கிறதா? அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்னு கேப்பாங்க."

"இல்லாத ஆழத்துக்கு நான் எங்க சேர் போவேன்?"

"உயரம் இருக்கில்ல? அதைப் போடுங்க. எண்தானே கேட்டிருக்காங்க."

முதற்கட்டமாக, ஒரு பள்ளத்தாக்கின் இரு பக்கமும் எதிரெதிரே நிற்கும் வேலங்காமலைத் தோட்டத்தையும் சாமிக்கல் தோட்டத்தையும் எடுத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. கொழும்பு அனுப்பிய கோப்புக்கு ஒரே ஒரு விதிதான். அதில் இடும் எண், கடல்மட்டத்துக்குக் கீழே எத்தனை மீற்றர் என்று பொருள்படும். மேலே இருக்கும் நிலத்துக்கு எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இட வேண்டும். குறியில்லாமல் போட்ட மலைகள் இரண்டும், உயரம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கடலுக்குள் இறங்கின. உச்சிக்குப் போகப் போக நீலம் கறுத்தது. தேயிலைக் கொழுந்துக்கு மேலே மீன் நீந்தலாம் போல இருந்தது.

நஸ்லியா அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. பிறகு திருத்தத் தொடங்கினாள். சாமிக்கல்லைத் திருத்தி முடித்து வேலங்காமலைக்குக் கை வைத்தபோது பணிப்பாளர் வந்து பின்னால் நின்றார்.

"இந்தப் பக்கம் என்ன பச்சையாப் போச்சு?"

"அதுதான் சேர் சரி. மத்தப் பக்கத்துக்கும் கழித்தல் குறி போட்டா முடிஞ்சுது."

"கழித்தலா?" புவனேந்திரனின் முகம் மாறியது. "கழிச்சது யாரு, எதுக்குக் கழிச்சாங்க, கழிச்சது எங்க போச்சுன்னு கணக்காய்வுக்காரங்க வந்து உக்காந்துருவாங்க. ஒரு பக்கம் கழிச்சது போதும். இதை இப்படியே விடுங்க."

விட்டாள். மறுநாள் கூட்டத்தில் படம் திரையில் விழுந்தபோது, ஊவாவின் ஆழத்தை இதுவரை எவரும் உணரவில்லை என்று செயலாளர் தழுதழுத்தார். கையொப்பம் இட்டார்கள். கையொப்பம் இட்ட படம் பிழையாவதில்லை. நிலம்தான் அதற்கேற்ப நடந்துகொள்ளத் தாமதிக்கும்.

வேலங்காமலையில் சிவசக்தி என்றொரு பெண். கொழுந்து பறிப்பவள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளுடைய ஒற்றையறைக் காம்பராவின் பின்சுவரில் வெடிப்பு விழுந்து மழைக்கு மழை அகன்றுகொண்டே போனது. அந்தச் சுவரோரம்தான் அவளுடைய பிள்ளைகள் இரண்டும் படுப்பது. லயத்துக்கு மேலே மலை. மலையிலும் அதே வெடிப்பு. வேறிடம் கேட்டு அவள் பதுளைக்கு வந்து போய் வந்து போய், பஸ் நடத்துனர்கள் அவளிடம் எங்கே என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

இம்முறை பணிப்பாளரே அவளை உட்காரச் சொன்னார்.

"செவுத்துல கை போகுதுங்க சேர் இப்ப."

"கைய விடாதீங்கம்மா. உங்க பேரை மண்சரிவுப் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு."

"ஏங்க?"

"உங்க லயம் கடலுக்கு அடியில இருக்கு."

சிவசக்தி நஸ்லியாவைப் பார்த்தாள். நஸ்லியா விசைப்பலகையைப் பார்த்தாள்.

"நான் மலையில இருந்து கீழ எறங்கித்தானே சேர் வந்தேன்."

"அப்படித் தோணும். படத்துப்படி நீங்க மேல ஏறி வந்திருக்கீங்க. கடலுக்கடியில மண்ணு சரிஞ்சா அது மண்சரிவு இல்லம்மா."

"அப்ப அது என்னாங்க?"

"அது வேற அமைச்சு."

அவள் எழுந்து நின்று, "அந்த அமைச்சு எங்கிட்டு இருக்குன்னாவது சொல்லுங்க சேர், போறேன்" என்றாள். அழவில்லை. அழுவதென்றால் கடைசி பஸ்ஸைத் தவறவிட வேண்டும்.

அவள் போகத் தேவையிருக்கவில்லை. கடலோர மக்கள் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்று கொழும்பில் இருந்தது. அங்கே வரைபடத்தைத் திறந்தவர்கள், ஆழ்கடலின் அடியில் லயம் லயமாக மக்கள் குடியிருப்பதைக் கண்டு திகைத்துப்போனார்கள். கரையில் இருப்பவர்களுக்கே அவசர உதவி என்றால், அடியில் இருப்பவர்களுக்கு எவ்வளவு அவசரம்? ஷாஹ்மி என்ற கள அலுவலர் இரண்டு லொறிகளோடு புறப்பட்டார். ஒன்றில் பலகை வீடுகள், மற்றதில் உயிர்காப்பு அங்கிகள்.

வேலங்காமலைக்கு வந்து இறங்கியதும் அவர் குளிரில் நடுங்கினார். சிவசக்தியின் கணவன் மாரிசாமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான்.

"கடல் எங்க?" என்றார் ஷாஹ்மி.

"நீங்க நிக்கிறதே கடலுதானாம் சேர்."

"தண்ணியக் காணோமே."

"காலையில பனி மூடும். வேணும்னா அதைப் பாருங்க."

ஷாஹ்மி படத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். மனச்சாட்சியுள்ள மனிதர். தண்ணீர் இன்னும் வந்து சேராதபடியால் மக்களை அப்புறப்படுத்த இதுவே தக்க தருணம் என்று அறிக்கை எழுதினார். மலையை விட்டு எட்டியிருந்த பந்து மைதானத்தில், அலை வந்தால் அடியால் போகட்டும் என்று கால் வைத்த பலகை வீடுகள் வரிசையாக நின்றன. கிளம்புமுன் சிவசக்தி லயத்துச் சுவரின் வெடிப்பில் இருந்த தன் சீப்பை எடுத்துக்கொண்டாள். வெடிப்பை அவள் சீப்பு வைக்கப் பழக்கியிருந்தாள்.

அங்கிகளை வேலை நேரத்திலும் கழற்றக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் கங்காணி ஆளை எண்ணுவதற்கு முன் அங்கியை எண்ணினார். செம்மஞ்சள் அங்கியோடு பெண்கள் கொழுந்து பறித்தார்கள். குளிருக்கு அது நன்றாகத்தான் இருந்தது. யாரோ படம் எடுத்துப் பரப்பினார்கள். இரண்டு வாரத்தில் பதுளைக் கடைவீதியில் மொஹிதீன் முதலாளி உயிர்காப்பு அங்கியைப் பெருநாள் உடுப்புகளோடு தொங்கவிட்டார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழர்கள் அதைப் போட்டுக்கொண்டு போனார்கள். பண்டாரவளையில் விசில் வைத்தது கிடைப்பதாகக் கேள்விப்பட்டு இளைஞர்கள் ரயிலேறினார்கள்.

பிறகு பெருமழை பிடித்தது. ஒரு விடியற்காலை வேலங்காமலையின் மேல்பகுதி, நெடுங்காலம் நின்று கால் வலித்தவரைப் போல, மெல்ல உட்கார்ந்தது. பழைய லயம் இருந்த இடத்தில் செம்மண் மட்டும் இருந்தது. உள்ளே எவரும் இல்லை. மைதானத்தில் பிள்ளைகளை இரு கையிலும் பிடித்தபடி சிவசக்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

விசாரணைக் குழு வந்தது. ஒருவருக்கும் சிராய்ப்பு இல்லை என்பதை அதனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இந்த நாட்டில் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்களா? யாரால்? எதனால்? எல்லாம் வரைபடத்தில் போய் முடிந்தது. வரைபடத்துக்கு விருது வழங்கப்பட்டது. புவனேந்திரன் மேடையில், தொலைநோக்கு என்பது ஆழத்தை நோக்குவதே என்று பேசினார். நஸ்லியாவுக்கும் ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் சாமிக்கல் தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் அலுவலகத்துக்கு வந்தது. முன்னால் பெரியாயி, அவளுடைய லயத்திலும் வெடிப்பு.

"எங்கள எப்ப சேர் கடல்ல போடுவீங்க?"

"உங்களைப் போட முடியாதும்மா. உங்க தோட்டம் படத்துல மலையா இருக்கு. சரியா இருக்கு."

"எதிர்த்தாப்புல அவங்களும் மலைதானே சேர்?"

"அவங்க விசயத்துல ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு. வெளியில சொல்லாதீங்க."

பெரியாயி யோசித்தாள். "அப்ப எங்களுக்கும் அதே பிழைய விட்டுருங்களேன்."

வெளியே மழை வலுத்தது. நஸ்லியா நாற்காலியை முன்னால் இழுத்தாள். "சேர், ஒரு குறிதான். இப்பவே அழிச்சிடுறேன். அதைப் போட்டவளே நான்தான்."

"கைய எடுங்க நஸ்லியா." புவனேந்திரன் கடுமையாகச் சொன்னார். "விருது வாங்கின படம். தெரிஞ்சு செஞ்சா அது பிழை இல்ல, மோசடி. பிழைங்கிறது தானா நடக்கணும். அதிகாரிகள் கூடி, யாரும் கவனிக்காம, முறைப்படி நடக்கணும்."

"அது எப்ப சேர் நடக்கும்?" என்றாள் பெரியாயி.

பணிப்பாளர் இரக்கமுள்ளவர். எழுந்து வந்து, அவள் நனைந்து போயிருப்பதைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம அலுவலகத்து மேல நம்பிக்கை வைங்கம்மா."

அவர்கள் நம்பினார்கள். அந்த அலுவலகத்தைத் தெரிந்த எவரும் நம்பத்தான் செய்வார்கள். கும்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து, மழைக்குள் மலையேறிப் போனார்கள்.