மனசார ஒரு வாழ்த்து

"நல்லா இருங்க" என்று தையல்காரர் மனசார வாழ்த்தினார். வாடிக்கையாளர் சட்டையை மேஜைமேல் விசிறியடித்தார்.

"கை நீளமாயிடுச்சுன்னு சொன்னதுக்கு சாபமா விடுறே?"

"ஐயோ, நிஜமாவே நல்லா இருக்கணும்னுதாங்க..."

"தெரியும்யா உன் வாய்!"

தெருவுக்கே தெரியும். குண்டூசிகளை வாயில் கவ்வியிருக்கும் நேரம் தவிர, மற்ற நேரமெல்லாம் யாரையாவது குத்திக்கொண்டிருப்பவர் அவர். ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது என்று டாக்டர்தான் பௌத்த தியான வகுப்புக்கு அனுப்பினார். பிக்கு சொல்லிக் கொடுத்ததும் பெரிய வித்தையில்லை. மூச்சைக் கவனிக்க வேண்டும். யார்மேல் கோபமோ அவரை மனசார 'நல்லா இருங்க' என்று வாழ்த்த வேண்டும். சின்னக் கோபத்தில் தொடங்கிப் பெரிய கோபத்துக்குப் போக வேண்டும்.

பெரிய கோபம் அண்ணன்மேல். இருவரும் சேர்ந்து நடத்திய கடையை விட்டுத் தனிக்கடை போடுகிறேன் என்று இவர் கிளம்பிய நாளோடு பேச்சு நின்றுபோனது. நாளைக்கு அண்ணனுக்கு இதய ஆபரேஷன். பேசாமலே அண்ணன் போய்விட்டால்? அந்த நினைப்பு வந்தாலே தையல்காரரால் மூச்சைக் கவனிக்க முடியவில்லை.

"நீங்க சொல்ற தோரணை அப்படி," என்றாள் மனைவி. "மெதுவா சொல்லிப் பாருங்க."

மத்தியானம் மாடி பால்கனியைக் கழுவிய தண்ணீர் அவர் தலையில் கொட்டியது. நின்றார். மூச்சை இழுத்துவிட்டார். அண்ணாந்து பார்த்து மெதுவாகச் சொன்னார். அடுத்த நிமிஷம் மாடி வீட்டம்மா படியிறங்கி ஓடி வந்தாள்.

"அண்ணே, திட்டணும்னா நல்லாத் திட்டிடுங்க. இப்படி அமைதியா மட்டும் சொல்லாதீங்க. புள்ளைங்க இருக்கிற வீடு!"

"அப்போ சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க," என்றாள் மனைவி.

அவளிடமே சொல்லிப் பார்த்தார், பல் தெரிய. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்டினதுக்கு இதுதானா?"

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அண்ணனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் வேறு வார்த்தைகளை ஒத்திகை பார்த்திருந்தார் தையல்காரர். அண்ணனின் மெலிந்த கையைப் பிடித்ததும் எல்லாம் மறந்துபோனது.

"நல்லா இருங்கண்ணே."

அண்ணன் இமைக்காமல் அவரையே பார்த்தார். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது.

"அறுக்கப் போற நேரத்துல வந்து சாபம் விடுறீங்களே தம்பி!" என்று அண்ணி அலறினாள். நர்ஸ் ஓடி வந்து அதட்டினாள்.

"மனசாரச் சொன்னேன் அண்ணி! சத்தியமா!" தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "ரெண்டே ரெண்டு வார்த்தை. ஏன் யாருமே நம்ப மாட்டேங்கிறீங்க? அண்ணனும் அதை நினைச்சுக்கிட்டேதானே உள்ள போயிருப்பாரு?"

அண்ணன் மகள் அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா நம்பியிருப்பாரு சித்தப்பா," என்றாள். "நீங்க கடையை விட்டுக் கிளம்பின அன்னிக்கு அவர் இதையே சொன்னதுக்கு, சாபமா விடுறீங்கன்னு கத்திட்டுப் போனீங்களே... அவரும் மனசாரத்தான் சொன்னாரு."