நீச்சல்குளத்தை விட்டு ஏறாத பத்தொன்பது பேர்

பைசாண்டூ,
ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி எல்பியோவுக்கு,

உன் அக்கா சுல்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வலது முழங்காலும் நலம். இடது முழங்கால் தன் இஷ்டப்படி இருக்கிறது. அங்கே மான்டெவிடியோவில் நீயும், உன் மனைவி கிராசியேலாவும், பேரப்பிள்ளைகளும், என்னைக் கண்டால் மட்டும் குரைக்கும் அந்த நாயும் குறையொன்றுமின்றி இருக்க வேண்டுமென்று நினைத்துக்கொள்கிறேன். நிற்க.

நீ போனில் பதிவு செய்து அனுப்பிய நாலு நிமிஷ உபதேசத்தை இரண்டு தடவை கேட்டேன். "எழுபது வயசுல தண்ணிக்குள்ள உக்காந்து மறியல் பண்ணியிருக்கே, ஒரு பெரிய மனுஷனைக் குளத்துல இழுத்துப் போட்டிருக்கே, ரப்பர் தொப்பியோட டிவியில வந்து எங்க மானத்தை வாங்கிட்டே, மரியாதையா மன்னிப்பு எழுதிக் குடு" என்று சொல்லியிருக்கிறாய். இதற்கு நான் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டவள் நான். இனிமேல் நான் பேசுவேன், மற்றவர்கள் கேட்கட்டும். ஆகையால் கடிதம்.

முதலில் ஒன்று. எங்கள் லாஸ் பால்மாஸ் கிளப்பைப் பற்றி "பொழுது போகாத கிழவிங்க போற இடம்" என்றாயே, செவ்வாய்க்கிழமை மூணே முக்காலுக்கு ஒரு தரம் அங்கே வந்து நின்று பார்த்துவிட்டு அப்புறம் சொல். கதவைத் தள்ளின உடனே குளோரின் நெடியும் காண்டீனில் ரொட்டி கருகுற வாசனையும் ஒண்ணாக் கலந்து மூஞ்சியில அடிக்கும். மாடியில பாஸ்கெட்பால், அதனால பந்து விழற ஒவ்வொரு தடவையும் கீழ்க்கூடத்து டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும். ஒரு அறையில நடன வகுப்பு, முப்பது ஜோடி குதிகால் தரையைப் பிளக்கும். அடுத்த அறையில டேபிள் டென்னிஸ். நடுக்கூடத்துல சதுரங்கக்காரர் நாலு பேர், "அமைதி" என்று எழுதின பலகைக்குக் கீழேயே உக்காந்து, அமைதி வேணும்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருப்பாங்க. நோட்டீஸ் போர்டுல காகிதத்து மேல காகிதம் ஒட்டி ஒட்டி அது இப்போ தலையணை மாதிரி உப்பியிருக்கு. பொம்பளைங்க உடை மாத்துற அறையில முடி காய வைக்கிற மெஷின் ஒண்ணு இருக்கு, ரெண்டு அறை விட்டாத்தான் ஓடும், அறையற உரிமை எனக்கு மட்டும்தான். இத்தனையையும் தாண்டி, சேத்துப்புண் இல்லைன்னு கால்விரல் இடுக்கைக் காட்டி கிளப் டாக்டர் பின்டோஸ் கிட்ட அட்டையில முத்திரை வாங்கி, அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து, வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில இடுப்பு வரைக்கும் இறங்கறோம் பாரு, அந்த நிமிஷம் நானும் இன்னும் பதினெட்டு பேரும் எடையே இல்லாதவங்களா ஆயிடறோம். இதுக்குப் பேர் பொழுதுபோக்கா? சரி, அப்படியே வச்சுக்க.

டெல்ஃபினாவை உனக்கு ஞாபகம் இருக்கும், எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலிக்காரி, உன் கல்யாணத்துல அழுதவ. போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் போச்சு. வீட்டுல கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவுல ஆறு அடி, அதுக்கே ரெண்டு பேர் பிடிக்கணும். அவளை நான்தான் கிளப்புக்கு இழுத்துட்டு வந்தேன். முதல் நாள் தண்ணியில இறங்கினவ, நான் கையை விட்டதைக் கவனிக்காம பதினோரு எட்டு நடந்துட்டா. திரும்பிப் பார்த்து, "ஏண்டி, நீ எப்போடி கையை விட்டே?" ன்னு கேட்டா. நான் திரும்பி மூக்கைச் சிந்தினேன், மூக்குல தண்ணி போயிருந்தது. அவ மக ரொசானா பேக்கரியில வேலை, விடியக்காலை நாலு மணிக்குப் போனா மூணு மணிக்குத்தான் வருவா. வந்த கையோட அம்மாவை வண்டியில ஏத்திக்கிட்டு நாலு மணிக்குக் கொண்டு வந்து விடுவா. அதான் எங்க நேரம். செவ்வாய், வியாழன், மாலை நாலு.

மார்ச் மாசம் புது நிர்வாகி வந்தார், பேர் ஹெபர். நாற்பது வயசு, வெயில்காலத்துலயும் மடிப்பு கலையாத கோட்டு, கழுத்துல ஒரு விசில். அந்த விசிலை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. வந்த வேகத்துல எல்லாத்துக்கும் அட்டவணை போட்டார். சதுரங்கத்துக்கு அட்டவணை, காண்டீன் நாற்காலிக்கு அட்டவணை, ஏன், மாத்தே இலைத் தேநீர் குடிக்கிறவங்க வெந்நீர் பிடிக்கறதுக்குக்கூட அட்டவணை. இந்த ஊர்ல ஒருத்தன் பிளாஸ்க்கைக் கக்கத்துல இடுக்காம வீட்டு வாசப்படியைத் தாண்டுவானா? நாங்க பொறுத்துக்கிட்டோம். இந்த மாசம் முதல் தேதி தலையணை போர்டுல புதுக் காகிதம். "மூத்த மகளிர் நீர்ப்பயிற்சி இனி புதன்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும். செவ்வாய், வியாழன் மாலை வாட்டர்போலோ அணிக்கு." ரெண்டு நாள் ஒரு நாளாச்சு, அதுவும் ரொசானா அடுப்புக்கு முன்னாடி நிக்கிற நேரம்.

நான் நேரே ஆபீசுக்குப் போனேன். போனவ மரியாதையாத்தான் பேசினேன்.

"ஹெபர் தம்பி, டெல்ஃபினாவைக் காலையில யார் கொண்டு வர்றது?"

"அது தனிப்பட்ட பிரச்சினை சுல்மா அம்மா. நான் மொத்தக் கிளப்பையும் பார்க்கணும்."

"மொத்தக் கிளப்புல அவ இல்லையா?"

"அவங்க வீட்டுலயே நடக்கலாமே, மெதுவா."

வீட்டுலயே நடக்கலாமாம்! எல்பியோ, அந்த ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா நான் இன்னிக்கு இந்தக் கடிதமே எழுதிக்கிட்டிருக்க மாட்டேன். கையெழுத்து வாங்கினோம், நூத்து இருபது பேர் போட்டாங்க, சதுரங்கக்காரங்க நாலு பேரும் போட்டாங்க, அதை ஹெபர் ஈரக் கையோட வாங்கி மை கலைஞ்சு "எதுவும் படிக்க முடியலை" ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். அதனால பதிமூணாம் தேதி, செவ்வாய்க்கிழமை, எப்பவும் போல நாலு மணிக்கு இறங்கினோம், பத்தொன்பது பேர். அஞ்சு மணி ஆச்சு. ஏறலை. அவ்வளவுதான் மறியல். கோஷம் இல்லை, கொடி இல்லை. ஏறலை.

வாட்டர்போலோ பசங்க வந்து கரையில வரிசையா நின்னாங்க, என்ன பண்றதுன்னு தெரியாம. ஹெபர் ஓடி வந்தார். "அம்மாமார்களே, உங்க நேரம் முடிஞ்சுது." நான் சொன்னேன், "எங்க நேரத்தை நீங்கதானே எடுத்துட்டீங்க, அப்புறம் எப்படி முடியும்?" பசங்களைப் பார்த்து "இறங்குங்க, சுத்தி விளையாடுங்க" ன்னார். இறங்கினாங்க. பத்தாவது நிமிஷம் ஒரு பந்து வந்து என் தொப்பி மேல விழுந்தது. அதை எடுத்துத் திருப்பி எறிஞ்சேன், அது போய் வலைக்குள்ள விழுந்தா அதுக்கு நானா பொறுப்பு? பசங்க கை தட்டினாங்க. அப்புறம் அந்தக் கோல்கீப்பர் பையன் டெல்ஃபினா பக்கத்துலயே நின்னுக்கிட்டான், அவ மேல பந்து படாம. அவங்களோட எங்களுக்கு ஒரு தகராறும் இல்லைன்னு நீ தெரிஞ்சுக்கணும்.

ஆறு மணிக்கு ஹெபர் டாக்டர் பின்டோஸைக் கூட்டிட்டு வந்தார். "டாக்டர், ரெண்டு மணி நேரம் தண்ணியில இருக்கறது உடம்புக்கு ஆகாதுன்னு சொல்லுங்க." பின்டோஸ் எங்களை ஒவ்வொருத்தரா பார்த்தார், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், அப்புறம் சொன்னார், "ஹெபர், இந்தக் கிளப்புல எனக்குக் கால் விரல் மேல மட்டும்தான் அதிகாரம்." சொல்லிட்டுக் காண்டீனுக்குப் போயிட்டார்.

அப்புறம்தான் தண்ணி குளிர ஆரம்பிச்சுது. முதல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதுன்னு நினைச்சேன். விரல் நுனியெல்லாம் திராட்சை வத்தல் மாதிரி சுருங்கி, பல்லு தந்தி அடிக்க ஆரம்பிச்சுது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். யாராவது ஒருத்தி படியில கால் வச்சிருந்தா எல்லாரும் ஏறியிருப்போம், நான் உள்பட, இதை உன்கிட்ட மட்டும் சொல்றேன். அப்போ டெல்ஃபினா, உதடெல்லாம் நீலம், வாய் இன்னும் கோணலாத்தான் வரும், சொன்னா: "நடங்கடி. நின்னாத்தான் குளிரும்." சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சா. அவ பின்னாடி நாங்க பதினெட்டு பேரும் வரிசையா, குளத்தைச் சுத்திச் சுத்தி. ஊர்வலம்னு டிவியில சொன்னானே, அது இதுதான். குளிருக்காக நடந்தோம்.

ஹெபர் கரையோரமா எங்க கூடவே நடந்துக்கிட்டு, விதிமுறைப் புத்தகத்தைப் படிச்சுக்கிட்டு வந்தார். பதினாலாம் பிரிவு படிக்கும்போது குனிஞ்சு என்கிட்டக் காகிதத்தைக் காட்டினார். நான் கையை நீட்டினேன். அவர் குளத்துக்குள்ள வந்தார். இதுதான் நடந்தது. நான் கையை நீட்டியது காகிதத்தை வாங்க. வழுக்கின தரை, வழுக்கின செருப்பு, நடுவுல என் கை என்ன பாவம் பண்ணுச்சு? டிவியில போட்ட வீடியோவில் வேற மாதிரி தெரியுதுன்னா அது எடுத்த பையன் நின்ன இடத்தோட கோளாறு.

இதுக்கு மேலதான் யாரும் எதிர்பார்க்காத விஷயம். அவருக்கு நீச்சல் தெரியாது! நீச்சல்குளம் வச்ச கிளப்புக்கு நிர்வாகி, நாலடித் தண்ணியில கோட்டோட கையைக் காலை அடிச்சுக்கிட்டு "காப்பாத்துங்க" ங்கறார். பசங்க சிரிக்கறதா குதிக்கறதான்னு தெரியாம நிக்கறாங்க. டெல்ஃபினாதான் கிட்ட இருந்தா. நல்ல கையால அவர் காலரைப் பிடிச்சு, எங்க பயிற்சி டீச்சர் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னா: "காலை ஊணு மகனே. தரை இருக்கு. ஊணு." அவர் ஊணினார். தண்ணி மார்பு வரைக்கும்தான். அவளைப் பிடிச்சுக்கிட்டே படி வரைக்கும் நடந்து வந்தார். யாரை யார் நடத்திக்கிட்டு வர்றாங்கன்னு அந்த வீடியோவுல பாரு, அதை நீ பார்க்கலை, தொப்பியை மட்டும் பார்த்திருக்கே.

என்னோட பூப்போட்ட துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்து நடுங்கினார். நடுக்கத்துல கத்தினார், "எவன்யா பாய்லரை அணைச்சது?" மேல இருந்து காவல்கார வால்டர் குரல் கொடுத்தான், "நீங்கதான் சார் அஞ்சரைக்கு அணைக்கச் சொன்னீங்க!" கிளப்பே கேட்டது. பாஸ்கெட்பால் நின்னு போச்சு. சதுரங்கக்காரங்க கூட அமைதியானாங்க.

சனிக்கிழமை உறுப்பினர் கூட்டம். செவ்வாய், வியாழன் நாலு மணி எங்களுக்கே என்று கை தூக்கி முடிவானது, வாட்டர்போலோ பசங்க ஆறு மணிக்கு மாறிக்கொண்டார்கள். ஆனால் நிர்வாகியைக் குளத்தில் இழுத்ததாக எழுதி ஒப்புக்கொண்டு நான் மன்னிப்புக் கேட்கும்வரை எனக்குத் தண்ணீரில் இறங்கத் தடை. ஆகவே நேற்றும், அதற்கு முந்தின செவ்வாயும், காண்டீன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து, உள்ளே அவர்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது முழங்கால் என்னைத் திட்டுகிறது, திட்டட்டும். செய்யாத குற்றத்துக்கு எழுபது வயதில் மன்னிப்பு எழுத மாட்டேன். அந்த மனிதரிடம் இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்த நாலு மணியை இனி எந்தக் கொம்பனும் அசைக்க முடியாது. இதுவே என் முடிவான பதில். நீ குறுக்கே பேச முடியாது.

கிராசியேலாவுக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் பல்லும் படிப்பும் கெடாமல் வளரட்டும். உனக்கு ரத்தக் கொதிப்பு இறங்கி, அக்காவைப் பற்றிய மதிப்பு ஏறட்டும் என்று வாழ்த்தும்,

உன் தலைகுனியாத அக்கா,
சுல்மா எச்சேவெரி

பி.கு.: தபால்தலை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. திறந்தால் டெல்ஃபினா. தனியாக. கைத்தடியோடு. பஸ்ஸில் வந்திருக்கிறாள், எல்பியோ, ஏழாம் நம்பர் பஸ்ஸில், படி ஏறி இறங்கி! நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே சொன்னாள்: "அடியே, நேத்து உடை மாத்துற அறையில எல்லாரும் பேசினோம். நாலு மணின்னா மத்தியானத் தூக்கம் போகுது, வெளியே வந்தா குளிர்காலக் காத்து வாட்டுது. காலை பத்து மணிதான் நல்லதுன்னு முடிவு பண்ணிட்டோம்." முதலில் கை தூக்கியது யார் என்றேன். "நான்தான். இப்போதான் யாரும் கொண்டு வந்து விட வேண்டாமே." பதினெட்டு பேரும் கேட்டுக்கொண்டபடி, புதன்கிழமையோடு வெள்ளிக்கிழமையும் காலை பத்து வேண்டுமென்று ஹெபரிடம் போய்ப் பேச வேண்டியது நானாம், வாய் எனக்குத்தான் இருக்கிறதாம். அதற்கு முதலில் தடை நீங்க வேண்டும். ஆகவே மன்னிப்பு எழுதிவிட்டேன், மேலே எழுதியதையெல்லாம் மீறி. ரொம்ப இல்லை, மூன்றே வரி: "இழுத்தேன். வருந்துகிறேன். அடுத்த முறை முன்கூட்டியே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு இழுப்பேன்."