அளந்துவிட்டு வந்த வீடு

பல பேர் சேர்ந்து செய்யும் வேலையில் முக்கியமான ஒன்றை யாருமே செய்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு மூன்று பேரே போதுமானதாக இருந்தது.

நான் பிசியோதெரபி, ஸ்டெல்லா நர்சிங், குமரன் பார்மசி. நெய்வேலி டவுன்ஷிப்பில் முதியவர் இருக்கும் வீடு ஒன்றைத் தேடிப் பிடித்து, அவரிடமே முதுமையைக் கற்று வாருங்கள் என்று கல்லூரியில் அனுப்பினார்கள். வாட்ஸ்அப் புதிதாக வந்திருந்த காலம். குழு ஆரம்பித்து, என்ன நிறத்தில் உடுத்துவது என்பது வரை பேசினோம். நாங்கள் யார் என்று சொல்வது யார் வேலை என்று மட்டும் பேசவில்லை. ஸ்டெல்லா சொல்லுவாள் என்று நானும், நான் சொல்லுவேன் என்று அவளும் இருந்துவிட்டோம். (குமரன் வாயே திறக்க மாட்டான்.)

நிலக்கரி மைன்ஸில் ரிட்டயராகியும் கம்பெனி குவார்ட்டர்ஸிலேயே இருந்த கோவிந்தசாமி ஐயா கதவைத் திறந்தார். கழுத்தில் அடையாள அட்டையோடு நுழைந்து, "வீட்டைப் பாக்க வந்திருக்கோம்" என்று சொல்லி டேப்பை எடுத்தேன். வயதானவர்கள் தடுக்கி விழாமலிருக்க வாசற்படி, கதவு எல்லாம் அளக்க வேண்டும். (எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் டேப் வந்தால் ஆசாரி வந்திருக்கிறார், அவ்வளவுதான். குவார்ட்டர்ஸில் அதற்கு வேறு அர்த்தம் என்று யார் கண்டது?)

பாத்ரூமில், "இங்க ஒரு கைப்பிடி இருக்கணுமே" என்றேன்.

"நாங்க கழட்டலம்மா. மொதல்லேந்தே இல்ல" என்றார் ஐயா. அவர் மனைவி சுவரிலிருந்த ஆணிகளை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றார். 'பதற்றம், மறதி இருக்கலாம்' என்று குமரன் எழுதிக்கொண்டான்.

மறுமாதம் போனால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்து வடலூருக்குப் போனோம். மாடியில் ஒற்றை அறை. செங்குத்தான படிகளில் ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். இந்த முறை நாங்கள் யார் என்று சொன்னோம், மூன்று பேருமே.

பின்னால் வந்த ஐயாவின் மனைவி படியில் உட்கார்ந்தார். பிறகு, "இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கறோம்னு ஆபீசுல எழுதிக் குடுத்துட்டு காத்துக்கினு இருந்தோம். நீங்க வந்து அளந்துக்கினு போனீங்க. அதான் பதிலுன்னு வூட்ட காலி பண்ணி சாவியக் குடுத்துட்டோம்" என்றார்.

ஐயா கேட்டார்: "அப்ப அந்தக் கைப்பிடி எங்களுக்குத்தானாம்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், படியைப் பார்த்தபடி பைக்குள் கையை விட்டேன்.

"இத அளக்காதம்மா. இங்கேருந்து எங்க போறது?" என்று சொல்லி அவர்தான் சிரித்தார்.

இப்போது கடலூரில் வீடு வீடாகப் போய் முதியவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். செருப்பை மாட்டும்போதே என் கணவர், "மொதல்ல யாருன்னு சொல்லிடு. பாவம், காலி பண்ணிடப் போறாங்க" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். பெயர், ஊர், படிப்பு எல்லாவற்றையும் வாசலிலேயே ஒப்பித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். டேப்பை மட்டும் அவர்களே கேட்டாலொழிய எடுப்பதில்லை.