அணில் டீச்சரும் நடக்காத இரண்டாம் பாடமும்

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது, சங்கம்தான் இருந்தது. காட்டு நலச் சங்கம். அதற்குத் தலைவர் ஒரு யானை. எப்போதோ ஒரு தடவை கூட்டத்துக்கு வந்து தூங்கிவிட்டுப் போனதோடு சரி. மற்றபடி எல்லாமே செயலாளர்தான். செயலாளர், பரமானந்தம் என்கிற நரி.

அந்தக் காட்டுக்கு இருந்தது ஒரே ஒரு குளம். ஒரு கோடையில் திடீரென்று குளத்தைச் சுற்றி முள்வேலி வந்தது. வேலிக்கு ஒரு கேட்டு வந்தது. கேட்டுக்குக் காவலாக ஓர் ஒட்டகம் வந்தது. வடக்கே பாலைவனத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒட்டகம். தண்ணீருக்குக் காவல் போட அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. அது தானும் குடிக்காது, அடுத்தவருக்குத் தாகம் எடுக்கும் என்பதும் அதற்குத் தெரியாது.

டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர். எறும்புக்கும் ஒரு சிரட்டை, எருமைக்கும் ஒரு சிரட்டை. எறும்பு அதில் நீச்சலடித்தது. எருமை நாக்கை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது. "இது நியாயமா சார்?" என்று கேட்டால் ஒட்டகம் ஹிந்தியில் ஏதோ சொல்லும். புரியவில்லை என்று நின்றால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்லும்.

சங்கம் கூடியது.

"அவருக்கு நம்ம பாஷை தெரியல. நாமதான் அவர் பாஷையைக் கத்துக்கணும்" என்றது நரி.

"அவரைக் கத்துக்கச் சொன்னா ஆகாதா?" என்று கேட்டது செல்லாயி எருமை.

"சொல்லலாமே. நீ போய்ச் சொல்லு. எந்தப் பாஷையில சொல்லுவ?"

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹிந்தி வகுப்பு என்று முடிவானது. சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் அல்லவா? அப்போதுதான் எல்லோருக்கும் ஜெயக்கொடியின் நினைப்பு வந்தது.

ஜெயக்கொடி ஒரு அணில். வாய் திறந்து நாலு வார்த்தை பேசாது. ஒருமுறை தேங்காய் லோடு ஏற்றிய லாரியில் கண் அசந்துவிட்டது. முழித்துப் பார்த்தால் நாக்பூர். அங்கே ஆரஞ்சு மார்க்கெட்டில் இரண்டு வருஷம் காலம் தள்ளிவிட்டு, வெங்காய லாரியில் ஏறித் திரும்பி வந்தது. வரும்போது கொண்டுவந்தது இரண்டே பொருள். ஒன்று ஹிந்தி. இன்னொன்று வயிற்றில் குட்டி. வந்து பார்த்தால் அதன் புளியமரம் இருந்த இடத்தில் ரோடு போயிருந்தது. குட்டி பிறந்ததிலிருந்து அதைக் கவ்விக்கொண்டு இன்று ஒரு கிளை, நாளை ஒரு கிளை என்றுதான் பிழைப்பு.

"ஏம்மா ஜெயக்கொடி, சங்கத்துக்குச் சொந்தமா அந்த இலுப்பை மரத்துப் பொந்து சும்மாதானே கிடக்கு. வகுப்பு நடக்கிற வரைக்கும் நீ அதுல இருந்துக்க. வகுப்பு முடிஞ்சதும் காலி பண்ணிரணும். அங்க சங்க ஆபீஸ் வைக்கப்போறோம்" என்றது நரி.

பொந்தென்றால் பொந்து. மழை ஒழுகாது, பாம்பு நுழையாது. உள்ளே போய்க் குட்டியை இறக்கி வைத்ததும் அது கால்நீட்டித் தூங்கியது. பிறந்ததிலிருந்து கால்நீட்டித் தூங்காத குட்டி. ஜெயக்கொடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, முதல் பாடம் என்ன நடத்தலாம் என்று யோசிக்க உட்கார்ந்தது.

முதல் ஞாயிறு நல்ல கூட்டம். மான் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை புலி வீட்டில் கறி எடுக்கிற நாள் என்பதால் மான் அன்றைக்கு எங்கேயும் போவதில்லை. நரியும் வகுப்பில் உட்காரவில்லை. செயலாளர் போய் எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதா?

ஜெயக்கொடிக்குக் கூச்சம். வாலைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ரோமத்துக்கு நடுவிலிருந்து பாடம் சொன்னது.

"ஆப்கா நாம் கியா ஹை? அப்படின்னா, உங்க பேர் என்னன்னு அர்த்தம். மேரா நாம் ஜெயக்கொடி ஹை. என் பேர் ஜெயக்கொடி. எல்லாரும் சொல்லுங்க."

எல்லோரும் சொன்னார்கள். 'ஹை' வரும் இடத்தில் செல்லாயி விட்ட மூச்சில் முன்வரிசையில் இருந்த இரண்டு தட்டான்பூச்சிகள் பறந்துபோய் விழுந்தன.

"அக்கா, கொஞ்சம் மெதுவா" என்றது ஜெயக்கொடி.

"பாஷைன்னா ஒரு அழுத்தம் வேணாமா கண்ணு?" என்றது செல்லாயி.

அடுத்த வாரத்துக்கு இரண்டாம் பாடத்தை ஜெயக்கொடி தயாராக வைத்திருந்தது. 'முஜே பானி சாஹியே.' எனக்குத் தண்ணீர் வேண்டும். இது ஒன்று வந்துவிட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோது கடைசி வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"டீச்சர், நான் புதுசு. இன்னிக்குத்தான் சேர்றேன்" என்றது ஆமை. உண்மையில் அது போன வாரமே கிளம்பியதுதான்.

புதிதாக வந்தவரை விட்டுவிட்டு மேலே போவது மரியாதையா? "சரிங்க, எல்லாரும் ஒருதரம் முதல்லேர்ந்து சொல்லிருவோம்" என்றது ஜெயக்கொடி.

அதற்கடுத்த வாரம் காட்டுப்பன்றி ஐந்து குட்டிகளோடு புதிதாக வந்து சேர்ந்தது. முதலிலிருந்து. அதற்கடுத்த வாரம், காதுகுத்துக்கு வெளியூர் போயிருந்த மயில் சிங்காரம் திரும்பி வந்து, "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு, நானும் புதுசு மாதிரிதான்" என்றது. முதலிலிருந்து. இப்படியே மழைக்காலம் வந்து போயிற்று. வகுப்பைச் சும்மா சொல்லக்கூடாது, முதல் பாடத்தில் அந்தக் காட்டை அடித்துக்கொள்ள எந்தக் காடும் கிடையாது. நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் எருமை 'ஆப்கா நாம் கியா ஹை' என்று டாண் டாணென்று கேட்கும். அதற்கு மேல் ஒரு எழுத்து வராது.

ஒருநாள் நரி வந்தது.

"ஏம்மா, படிச்சது போதும். வர்ற ஞாயிறு எல்லாரும் ஒட்டகத்துக்கிட்டப் போய் ஹிந்தியில பேசட்டும். தண்ணி கிடைச்சிருச்சுன்னா வகுப்போட வேலை முடிஞ்சது, நீ பொந்தைக் காலி பண்ணிரலாம்."

"கிடைக்கலைன்னா எப்படிங்க அய்யா?"

"கிடைக்கலைன்னா டீச்சர் சரியில்லைன்னு அர்த்தம். அப்பவும் காலி பண்ணிரலாம்."

"அப்போ எப்பத்தாங்க அய்யா நான் இருக்கிறது?"

"அதான் இத்தனை நாள் இருந்தியே" என்று நரி நல்லவிதமாகவே சொல்லிவிட்டுப் போனது.

ஜெயக்கொடி பொந்துக்குள் வந்து குட்டியைப் பார்த்தது. குட்டி இந்த ஐந்தாறு மாதத்தில் கால்நீட்டித் தூங்கித் தூங்கி நீளமாகவே வளர்ந்துவிட்டது. இனி வாயில் கவ்விக்கொண்டு கிளை கிளையாகத் தாவ முடியாது. எப்படியும் போகத்தான் போகிறோம், அந்தச் சனங்களுக்காவது தண்ணீர் கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டது. இரண்டாம் பாடத்தை இனிமேல் எங்கே நடத்துவது?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குளத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். நரி ஒரு புதருக்குப் பின்னால் நின்று கவனித்தது. ஜெயக்கொடி வேலி மேல் உட்கார்ந்து வாலால் கண்ணை மூடிக்கொண்டது.

முதலில் செல்லாயி. ஒட்டகத்துக்கு நேரே போய் நின்று, தனக்குத் தெரிந்ததை அழுத்தம் திருத்தமாகக் கேட்டது.

"ஆப்கா நாம் கியா ஹை?"

அசை போட்டுக்கொண்டிருந்த ஒட்டகத்தின் வாய் நின்றது. எதற்குக் கேட்கிறாய் என்று ஹிந்தியில் கேட்டது. அது செல்லாயிக்கு நடத்தாத பாடம். ஆகவே மிச்சம் தெரிந்ததைச் சொன்னது: "மேரா நாம் செல்லாயி ஹை." சொல்லிவிட்டு நகர்ந்தது.

அடுத்து ஆமை. "ஆப்கா நாம் கியா ஹை?" அடுத்து மயில். "ஆப்கா நாம் கியா ஹை?" பிறகு காட்டுப்பன்றி. அதற்குப் பின்னால் அதன் குட்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு, அதே கேள்வி. ஒட்டகம் எட்டிப் பார்த்தது. வரிசை முடிகிற மாதிரி தெரியவில்லை. எல்லோரும் உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒட்டகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. பாலைவனத்தில் வேர்க்காத உடம்பு. டோக்கன் கட்டைத் தூக்கி எறிந்தது. கேட்டை அகலத் திறந்துவிட்டது. இரண்டு முன்னங்காலையும் மடக்கிக் கும்பிட்டபடி, குடிங்க, குளிங்க, படுத்துக்கங்க என்று ஹிந்தியில் சொன்னது. அன்றைக்குப் பார்த்து அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. செல்லாயி குளத்தில் இறங்கிய அலையில் ஆமை கரைக்கு வந்து விழுந்தது.

நரி புதரிலிருந்து ஓடி வந்தது. "என்னம்மா அது? எல்லாரும் ஒரே மந்திரத்தைச் சொன்னாங்க, ஆளு அலறிட்டான்?"

"பேர் என்னன்னு கேட்டாங்க அய்யா. அவ்வளவுதான் நான் நடத்துனது."

"ஓஹோ" என்றது நரி. அது பொறுப்பில் இருக்கிற ஜீவன் அல்லவா? வரிசையில் நிற்கிற ஒருத்தர் கேட்டுக்குள் இருக்கிறவரைப் பார்த்து 'உங்க பேர் என்ன' என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று அதற்குச் சட்டென்று விளங்கிவிட்டது. புகார் போகப்போகிறது. "பாவம், பயந்துட்டாரு. சரி, எப்படியோ தண்ணி வந்துருச்சு. நாளைக்குக் காலையில வர்றேன், சாமானை எடுத்து வச்சிரு."

மறுநாள் விடிந்ததும் நரி ஒரு பூட்டும் சங்கத்துப் போர்டுமாக வந்து நின்றது. ஜெயக்கொடி சாமான்களைக் கட்டி வைத்திருந்தது. சாமான் என்ன சாமான்? ஒரு கைப்பிடிப் பஞ்சு, நாலு இலந்தைக் கொட்டை, ஒரு நீளமான குட்டி.

அந்த நேரம் பார்த்து மரத்தடியில் நிழல் விழுந்தது. ஒட்டகம்! நரி பூட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. ஒட்டகம் நரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொந்துக்கு நேரே கழுத்தைத் தாழ்த்தி, படபடவென்று ஹிந்தியில் பேசியது.

"சகோதரி, நீங்கதான் இவங்களுக்கு டீச்சராமே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அடுத்த பாடத்துக்குப் போங்க. பசிக்குதுன்னு சொல்லட்டும், வெயிலடிக்குதுன்னு சொல்லட்டும், என்னைத் திட்டக்கூடத் திட்டட்டும். பேரை மட்டும் கேக்க வேணாம். ஊர்ல ஒரே ஒரு ஆடு என் பேரைக் கேட்டுச்சு, அடுத்த மாசமே என்னை இங்க தூக்கி அடிச்சிட்டாங்க. இங்க ஒரு காடே கேக்குது. வகுப்பை மட்டும் நிறுத்திராதீங்க."

"என்ன சொல்றாரு? என்ன சொல்றாரு?" என்று நரி குதித்தது.

"வகுப்பை நிறுத்தக் கூடாதாங்க அய்யா" என்றது ஜெயக்கொடி. உள்ளதைத்தான் சொன்னது.

"அவ்வளவுதானே? நடக்கட்டும். வேற மரத்தடியில நடக்கட்டும். அதுக்குப் பொந்து எதுக்கு?"

ஜெயக்கொடி குட்டியைப் பார்த்தது. கட்டி வைத்த பஞ்சைப் பார்த்தது. பிறகு ஒட்டகத்தின் பக்கம் திரும்பி, மெதுவாக ஹிந்தியில் கேட்டது: "அண்ணே, சாப்பிட்டீங்களா?"

ஒட்டகத்தை இந்த ஊருக்கு வந்த நாளாக யாரும் அப்படிக் கேட்டதில்லை. அது பொங்கிவிட்டது. இந்த ஊர் இலை வாய்க்கு ஒத்துவரவில்லை என்றது. ஈரத்தில் முட்டி வலிக்கிறது என்றது. மண் என்றால் மணலாக இருக்க வேண்டாமா என்று காலால் தரையை ஓங்கி உதைத்துக் காட்டியது. கழுத்தை வானத்துக்குத் தூக்கிப் பெரிதாக ஒரு சத்தம் போட்டது. பேசிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா இது, இவ்வளவு நேரமா இவ்வளவு கோவமாச் சொல்றாரு?" நரியின் குரல் இறங்கிவிட்டது.

ஜெயக்கொடி முகத்தை மறைத்திருந்த வாலை முதல்முறையாகக் கீழே இறக்கியது.

"டீச்சரைப் பொந்தை விட்டு எழுப்புறது யாருன்னு கேக்கறாருங்க அய்யா. செயலாளர்னேன். உங்க பேர் என்னன்னு கேக்கறாரு."

"என் பேரையா? எதுக்கு?"

"அது சொல்லலைங்க. சொல்லிரட்டுங்களா? பரமானந்தம்னு?"

"ஏ ஏ, சும்மா இரும்மா!" நரி பூட்டை அப்படியே கீழே போட்டது. "நான் எங்க எழுப்புனேன்? நல்லா இருக்கியா, மழைக்கு ஒழுகுதான்னு கேட்டுட்டுப் போகலாம்னுதானே வந்தேன்? சாருக்கு வணக்கம் சொன்னேன்னு சொல்லு. நீ சொல்றதை நல்லா பதமாச் சொல்லும்மா" என்று சொல்லிக்கொண்டே பின்னாலேயே நடந்து, புதர் வந்ததும் ஓட்டம் பிடித்தது.

அதன் வால் மறைகிற வரை பார்த்துவிட்டு, "உங்க செயலாளர் ரொம்ப நல்ல மனுஷர் மாதிரித் தெரியுது, என்ன சொல்லிட்டுப் போறார்?" என்று ஒட்டகம் கேட்டது.

"நீங்க கேட்ட மாதிரியே வகுப்பு நடக்கட்டும்னு சொல்லிட்டார் அண்ணே" என்றது ஜெயக்கொடி.

அடுத்த ஞாயிறு வகுப்பு கூடியது. ஒட்டகம் கெஞ்சிக் கேட்டது மனதில் இருந்தது. ஜெயக்கொடி இரண்டாம் பாடத்தைச் சொல்ல எழுந்து நின்றது. என்ன அதிசயமோ, அன்றைக்கு யாரும் தொண்டையைச் செருமவில்லை. எல்லோரும் பழைய ஆட்கள். எல்லோரும் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாடம், அதற்குப் பின் மூன்றாம் பாடம், அப்புறம் ஒருநாள் செல்லாயிக்கே ஒட்டகம் பேசுவதெல்லாம் புரியும். நரிக்கு எடுத்துச் சொல்லச் செல்லாயியே போதும்.

பொந்துக்குள் குட்டி புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"யாராவது புதுசா வந்திருக்கீங்களா?" என்று ஜெயக்கொடி கேட்டது.

யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையில் கல்லின் மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் மட்டும் வழக்கம்போலத் தலையை ஆட்டியது.

"அப்படிங்களா? சரி, சரி. எல்லாரும் முதல்லேர்ந்து சொல்லிருவோம்" என்றது ஜெயக்கொடி.

நீதி: தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்பது மிகவும் நல்லது. ஆனால் நடுவில் நின்று மொழிபெயர்க்க நம்மை விட்டால் ஆளில்லை என்கிற இடத்தோடு அந்த நன்மையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.