மாமியார் படுக்கைக்கு வார்னிஷ் இல்லை

அல்லா அறிய, அத்தனையும் நிஜம்! ஒரு சொல் கூடியிருந்தால் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் என்னைக் கூடையில் வைத்து ஏலம் விடுங்கள்.

நாலு வருஷம் முன்னே, எண்பத்தஞ்சில், பழைய மெட்டடார் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே மூன்று படுக்கையும் அலமாரியும் அடித்து, ஓடுகிற வீடாக்கினேன். நானும் என் மனைவி குல்ஷனும் மைசூர் போக. மூன்றாவது படுக்கை பெட்டிகள் படுக்க.

மரத்தூளில் பசை போட்டு அமுக்கிய மலிவுப் பலகை. கதவைத் திறந்தால் கண்ணில் மிளகாய்ப்பொடி. வேன்மேல் உட்கார்ந்த காக்கா இருமிக்கொண்டே பறந்தது.

குல்ஷன் ஹைஸ்கூல் லேபில் உதவியாளர். மோந்து பார்த்தாள்.

"ஃபார்மலின் நெடிங்க. தவளைய ஊறப்போடுவோமே, அது. பசையிலிருந்து வருது."

"அப்ப மைசூரு?"

"பலகைய எல்லாப் பக்கமும், அறுத்த ஓரமும் விடாம வார்னிஷ் அடிங்க. கதவத் தெறந்து வெயில்ல போடுங்க. அடங்கிடும். அம்மா வேற வராங்க."

"யாரு வராங்க?"

"எங்கம்மா. மூணாவது படுக்கை சும்மாதானே கெடக்கு? ஆனா கண்ணு எரிஞ்சா ஏற மாட்டாங்க, சொல்லிட்டேன்."

என் மாமியார் ரோஷன் பீ பாலக்கோட்டில் பேச ஆரம்பித்தால் ஓசூரில்தான் மூச்சு விடுவார். பத்து வருஷத்தில் எனக்கு இதுதான் முதல் லீவு!

நெடி முழுக்கப் போனால் மாமியார் வருவார். போகாவிட்டால் பெண்டாட்டியும் வரமாட்டாள். எங்கள் பலகைகளுக்கு மூன்று பூச்சு அடித்தேன். மாமியார் பலகைக்கு மேலே மட்டும் பளபளப்பு. அடியும் ஓரமும் வார்னிஷ் படாமல் பச்சையாக விட்டேன். தினம் மூக்கை நுழைத்து, நெடி கம்மியோ, ஜாஸ்தியோ என்று மோந்தேன்.

புறப்படும் நாள். மாமியார் ஏறிப் படுத்தார். இதோ இருமுவார், இதோ இறங்குவார் என்று காத்து நின்றேன்.

"மல்லாந்து படுத்தா சொகமா இருக்கு மாப்ளே!"

குல்ஷனைப் பார்த்தேன்.

"மூணும் ஒரே அளவுதானேங்க. நேத்து நீங்க கடைக்குப் போனப்ப உங்க பலகையயும் அம்மா பலகையயும் மாத்திட்டேன்."

"ஏண்டி?"

"மோந்தா எந்தப் பலகைன்னு தெரியாதா? லேப்ல இருபது வருஷமா எதுக்குச் சம்பளம் வாங்கறேன்?"

டிரைவர் மாதப்பன் வண்டியை எடுத்தார். மைசூர் வரைக்கும், அந்தப் பச்சைப் பலகைமேல் படுத்த என் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். மாமியார் நெகிழ்ந்துபோனார்.

"நான் கூட வர்றதுல மாப்ளைக்கு இவ்ளோ சந்தோசமா! இனி வருசா வருசம் வந்துடறேன்."

நாலு வருஷமாக வருகிறார். அவரிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். அது ஆனந்தக் கண்ணீர் இல்லை என்று இன்னும் அவருக்குத் தெரியாது.