மென்பொருள் போட வந்த மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் உடல் நலத்தோடும் மன நிம்மதியோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நிம்மதிக்கு நடுவில் இந்தக் கடிதம் வந்து விழுவதற்கு முதலிலேயே மன்னிப்பு. இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். தங்கள் புதல்வர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, மிக மிகச் சௌக்கியம். இந்தக் கடிதமே அந்தச் சௌக்கியத்தைப் பற்றித்தான்.

போன வாரம் தாங்கள் போன் செய்து, இரண்டு நாள் வேலை என்று கிளம்பிப் போனவன் இன்னும் அங்கே என்ன செய்கிறான் என்று கேட்டபோது, போனை எடுத்த என் மனைவி உள்ளதை உள்ளபடி, "லைப்ரரியில தூங்கறார்" என்று சொல்லிவிட்டாள். தாங்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டீர்கள். அவள் சொன்னது பொய்யில்லை, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நிறைய இருக்கிறது. அதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லாததால் எழுதுகிறேன்.

எங்கள் நூலகத்தைத் தாங்கள் பார்த்ததில்லை. தெருமுனைச் சலவைக் கடைக்கு மேலே ஒரே அறை. சில அலமாரிகள், ஒரு நீள மேசை, ஜன்னலோரம் சாய்ந்துகொள்ள வசதியான ஆசனங்கள். ஜன்னலுக்கு வெளியே சலவைக் கடைக்காரர் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருப்பார். காற்று வந்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும், அறைக்குள் வெளிச்சம் தண்ணீர் மாதிரி அசையும். கீழேயிருந்து இஸ்திரி போட்ட துணியின் வெதுவெதுப்பு படியேறி வரும். அந்த வெளிச்சத்தில், அந்த வாசனையில், யாராக இருந்தாலும் நாலு பக்கம் தாண்டினால் கண் செருகும். தூக்கத்திலேயே பக்கம் புரட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலையில் இருந்தவரை லிப்ட்டுகளைச் சோதிப்பதுதான் என் தொழில் என்பது தங்களுக்குத் தெரியும். மேலும் கீழுமாகவே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்றபின் ஒரே மாடியில் நிலையாக உட்கார ஓர் இடம் கிடைத்ததே என்று இந்த நூலகத்துக்குச் செயலாளர் ஆனேன்.

இந்த நிலையில்தான் நகராட்சியிலிருந்து உத்தரவு வந்தது. புத்தகங்களையும் வாசகர்களையும் கணினியில் ஏற்றாத சின்ன நூலகங்கள் எல்லாம் மூடப்படும், புத்தகங்கள் ஊர் நடுவில் இருக்கும் பெரிய நூலகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று. படித்ததும் எங்கள் நூலகர் அம்மா அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நிர்வாகக் குழு உடனே கூடியது. குழு என்றால் நான், எதிர்வீட்டுப் பல் டாக்டர், கட்டடத்துக்கும் உரிமையாளரான சலவைக் கடைக்காரர். நல்ல மென்பொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, ஏனென்றால் தங்கள் புதல்வர் நூலக மென்பொருளே எழுதி விற்கிறவர் என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்து வைத்திருந்தேன்.

ஆனாலும் சொந்தக்காரர் என்று ஒரே பக்கமாகச் சாயக் கூடாதல்லவா? முதலில் வேறு ஒரு கம்பெனிக்காரரை வரவழைத்தோம். அவர் படியேறி வந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, மற்ற கிளைகள் எல்லாம் எங்கே என்று கேட்டார். கிளை கிடையாது, இவ்வளவுதான் என்றோம். கிளைகள் இல்லாவிட்டால் தன்னுடைய மென்பொருள் அடுத்த பக்கத்துக்கே போகாது என்று வருத்தப்பட்டார். பல் டாக்டர் ஒவ்வொரு அலமாரியையும் ஒரு கிளையாக வைத்துக்கொள்ளலாமே என்றார். அந்த மனிதர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்தது, இலவசமாகவே கிடைக்கிறது என்று பல் டாக்டர் எங்கிருந்தோ இறக்கிய ஒன்று. அது எந்த மொழியில் பேசியது என்று எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி அழுத்திப் பார்த்ததில், கடைசியில் அது தன்னைத்தானே அழித்துக்கொண்டது. அந்த ஒரு பொத்தானின் அர்த்தம் மட்டும் எங்களுக்கு விளங்கியது.

அப்புறம்தான் மாப்பிள்ளை வந்தார். பளபளக்கும் ஷூ, கையில் லேப்டாப், காதில் போன். படியேறும்போதே இரண்டு பேரிடம் பேசி முடித்துவிட்டார். எனக்கோ நெஞ்சு கொள்ளாத பூரிப்பு. நூலகர் அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளை எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்து, இனி ஒரு குறையும் இருக்காது என்றார்.

சம்பந்தி, இதற்கு மேல் எழுதுவதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மென்பொருள் கடல். நாங்கள் கேட்டது ஒரு செம்புத் தண்ணீர். ஒரு புத்தகத்தைப் பதிய வேண்டுமென்றால் அதன் தடிமனைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது நகராது. நூலகர் அம்மா கீழே தையல்காரரிடம் டேப்பை இரவல் வாங்கி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி எடுத்தார். புது வாசகர் சேர வந்தால், பல்கலைக்கழகத்தில் கேட்பது மாதிரி, அவருடைய துறை என்ன, ஆய்வு வழிகாட்டி யார் என்று கேட்டது. தினமும் துப்பறியும் கதை வாங்க வருகிற அடுத்த தெரு அம்மாள், தன் ஆய்வுக்கு வழிகாட்டி யாரும் இல்லை என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார். இது போதாதென்று, கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால், 'இங்கு எவரும் இல்லை' என்று தானே முடிவு செய்து திரையைப் பூட்டிக்கொண்டது. எவரும் இல்லையா? ஜன்னலோரம் ஐந்தாறு பேர் உட்கார்ந்து படிக்கறாங்க, விரிப்பு அசையுது, வெளிச்சம் அசையுது, ஒருத்தர் மெல்ல இருமறார். நூலகம்னா அப்படித்தானே இருக்கும்? அதுக்கு அது தெரியலை. நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்த லிப்ட்டுகள்ல ஒரு பொத்தானை அழுத்தினா ஒரு மாடி வரும். இதுல ஒரு பொத்தானை அழுத்தினா இன்னும் ஒன்பது பொத்தான் வருது.

மன்னிக்கவும், பேச்சு நடையில் இறங்கிவிட்டேன்.

பெரிய விபத்து அதற்குப் பிறகுதான். புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள் எல்லோருக்கும் அந்த மென்பொருள் எங்களைக் கேட்காமலேயே செய்தி அனுப்பியது. சலவைக் கடைக்காரர் நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துப்போய் வருஷக் கணக்காகிறது. அவர் அதை மொட்டை மாடியில் வைத்துப் பார்ப்பார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. அவருடைய போனுக்கு, 'உங்கள் உறுப்பினர் உரிமை நிறுத்தப்பட்டுள்ளது, வளாகத்துக்குள் நுழைய வேண்டாம்' என்று செய்தி போயிருக்கிறது. வளாகமே அவருடையது. அவர் படியேறி வந்தார். கத்தவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். மாப்பிள்ளைதான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அன்று முழுவதும் கீழே இஸ்திரிப் பெட்டியை வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருந்தது. நகராட்சி மூடாவிட்டாலும் இவர் மூடிவிடுவார் என்று பயந்தேன்.

மாப்பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. மீதிப் புத்தகங்களையாவது தானே பதிந்து கொடுப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். ஒரு புத்தகத்தில் பக்க எண்கள் அழிந்திருந்தன. எத்தனை பக்கம் என்று எண்ணுவதற்காகப் பிரித்தவர், எண்ணுவதை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். போன் அடித்தது. எடுத்தார், பார்த்தார், கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து ஜன்னலோரம் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஷூவைக் கழற்றினார். விரிப்புகளின் நிழல் அவர் முகத்தின் மேல் போய்ப் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் புத்தகம் மார்பில் கவிழ்ந்து கிடந்தது, தங்கள் புதல்வர் பச்சைக் குழந்தை மாதிரி தூங்கினார். நூலகர் அம்மா கணினியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மற்ற வாசகர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

மறுநாளும் அப்படியே. எழுப்பலாமா என்று நான் பக்கத்தில் போனபோது அவரே கண் திறந்தார்.

"மாமா, நான் தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றார். "படுக்கறேன், ஆனா தூக்கம் வர்றதில்ல. போற இடத்துலல்லாம் இது உங்களுக்குச் சரியா இருக்கும்னு சொல்றேன். சரியா இருக்காதுன்னு எனக்கே தெரியும். இங்கயும் அதையேதான் சொன்னேன்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தங்களிடம் இதை அவர் சொல்லியிருக்க மாட்டார். நீங்க அவரைப் பற்றி எல்லார்கிட்டயும் அவ்வளவு பெருமையாச் சொல்றீங்க, அந்தப் பெருமையைக் கலைக்க அவருக்கு மனசு வரலை. இதைத் தெரிந்துகொண்டபின் அவரைப் போகச் சொல்ல எனக்கும் மனசு வரலை. இருந்து இளைப்பாறட்டுமேன்னு விட்டுட்டேன். அது தப்புன்னா அந்தத் தப்பு என்னுது.

கடைசியில் வழி காட்டியதும் அவர்தான். டீ குடிக்கக் கீழே போனவர், பக்கத்தில் விசேஷங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிற கடையில் கணினியைப் பார்த்திருக்கிறார். யார் எடுத்தார், எத்தனை எடுத்தார், எப்போது வர வேண்டும், இவ்வளவுதான் அதில். மேலே வந்து, என்னுடையது வேண்டாம் மாமா, உங்களுக்கு அதுதான் சரி என்றார். கடைக்காரர் மகிழ்ச்சியோடு அதையே போட்டுக் கொடுத்தார். ஒரே நாளில் எல்லாப் புத்தகங்களும் ஏறிவிட்டன. ஒரே ஒரு குறை, அதில் புத்தகம் என்ற சொல் கிடையாது. நகராட்சி அதிகாரி வந்து திரையை வெகு நேரம் பார்த்தார். பல் டாக்டர், இரண்டு நாற்காலி, இன்னும் வரவில்லை என்றிருந்தது. நாற்காலி என்பதைப் புத்தகம் என்று மாற்றினால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி, சிரிக்காமல் போனார். நல்ல மனிதர். அந்த ஒரு சொல்லை மாற்றித் தரும்படி மாப்பிள்ளையிடம் கேட்டால், எனக்கு அது தெரியாதே மாமா என்கிறார். அவ்வளவு பெரிய கடலை எழுதியவருக்கு ஒரு சொல்லை மாற்றத் தெரியாதாம். அடக்கம் என்று விட்டுவிட்டேன்.

ஆக, சம்பந்தி, குழுவின் முடிவு இதுதான்: தங்கள் புதல்வரின் மென்பொருள் வேண்டாம், நாற்காலியே போதும். தயவுசெய்து வருத்தப்பட வேண்டாம். பிள்ளை தங்கம். மென்பொருள்தான் தகரம். அதை எழுதிய நேரத்தில் அவர் ஒரு நூலகத்துக்குள் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் அனுப்பி வைக்கிறேன். வந்ததும் எதுவும் கேட்காமல் ஒரு வாரம் தூங்க விடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். வீட்டுச் சின்னவர்கள் நன்றாகப் படித்து, அதைவிட நன்றாகத் தூங்கி, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்கும் அன்புக்கும் கட்டுப்பட்ட,
சம்பந்தி

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, கணவரை அழைத்துப் போக என் மகள், தங்கள் மருமகள், வந்து சேர்ந்தாள். மேசையில் இருந்ததை எடுத்துப் படித்தாள். படித்து முடித்ததும், "அப்பா, அதை எழுதினது நான்" என்றாள்.

இவளும் அதே கம்பெனியில் இருப்பது தெரியும், எழுதுவதே இவள்தான் என்பது எனக்குத் தெரியாது; மாப்பிள்ளை விற்பது மட்டும்தானாம். அவர் எப்போதும் 'நாங்க எழுதினது' என்றுதான் சொல்வார். கம்பெனிக்காரர்கள் பேச்சு அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். தாங்கள் முதல் தடவை உறவினர் மத்தியில், என் பையன் எழுதியது என்று சொன்னபோது, மாப்பிள்ளை திருத்த வாயெடுத்தாராம். மாமா முகத்தில் அவ்வளவு சந்தோஷம், இருந்துட்டுப் போகட்டும் என்று இவள்தான் தடுத்தாளாம். அன்றிலிருந்து அப்படியே போய்விட்டது.

எனவே, மென்பொருளைப் பற்றி மேலே நான் எழுதிய அனைத்தையும் தாங்கள் படிக்காததாகக் கொள்ள வேண்டும். தடிமன் கேட்டது அலமாரியில் இடம் போதுமா என்று கணக்கிடத்தானாம். எவ்வளவு முன்யோசனை பாருங்கள். யோசிக்க யோசிக்க அது மிக நல்ல மென்பொருளாகவே எனக்குத் தோன்றுகிறது.

கணவரைக் கூட்டி வருகிறேன் என்று நூலகத்துக்குப் போனவள் வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை ஜன்னலோரம் படித்துக்கொண்டிருக்கிறார். இவள் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கணினி முன் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அசையும் வெளிச்சத்தில் திரையைப் பார்த்தபடியே, "உங்களுக்கு நிஜமா என்னதாம்ப்பா தெரியணும்?" என்று கேட்டாள். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். உடனே தன் மென்பொருளைத் திறந்து, தான் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும், நாளைக்கே அதிகாரியைக் கூப்பிடலாம் என்கிறாள். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வருகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். எழுதியவள் நீதான் என்று மாமாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அதுவரை ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. ஜன்னலோரம் மாப்பிள்ளையும் தலை நிமிர்ந்து அவளையே பார்த்தார்.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

சொல்லிவிட்டேன்.